வாய்பாடு, சூத்திரம், பார்முலா: ஒரு கலைச்சொல்லின் பொருள் வரலாறு – பாலக்கோட்டுக் கரும்பை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கணிதம், வேதியியல், சர்க்கரைத் தொழில், குழந்தை உணவு ஆகிய துறைகளில் ஆங்கிலம் ஒரே சொல்லை ஆளும் இடங்களில் தமிழ் 'சூத்திரம்', 'வாய்பாடு', 'பார்முலா' என்னும் மூன்று சொற்களை ஆள்கிறது. இம்மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடான சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி வரலாறும், அறிவைக் கையாளும் தனி முறையும் உடையது. தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டின் சர்க்கரை ஆலையைச் சான்றாகக் கொண்டு இவ்வேறுபாட்டையும் அதன் நடைமுறை விளைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வாய்பாடு, சூத்திரம், கலைச்சொல்லாக்கம், கணக்கதிகாரம், கரும்பு விலை, பிழிதிறன், தாய்ப்பால் மாற்று.

முன்னுரை

பாலக்கோடு தருமபுரி மாவட்டத்தின் வட்டத் தலைமையிடங்களுள் ஒன்று. தக்காளிச் சந்தையும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் அவ்வூரின் அடையாளங்கள். ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வாய்பாடு என்பது சர்க்கரை மூலக்கூறின் அணுக்கணக்கு. கரும்புச் சாற்றிலிருந்து எவ்வளவு சர்க்கரை கிடைக்கும் என்று முன்கூட்டி மதிப்பிடும் கணக்கும் அதுவே. கரும்பு அனுப்பிய உழவருக்கு அது டன்னுக்கு இவ்வளவு என்று விலை வகுக்கும் விதி. ஊர்ப் பள்ளியில் வாய்பாடு என்றால் பெருக்கல் அட்டவணை. மருந்துக்கடையிலோ 'பார்முலா' என்று கேட்டால் பால்பொடி டப்பா கைக்கு வரும். ஓர் ஊரின் எல்லைக்குள் இத்தனை பொருள்கள் உலவுவதைச் சொற்குழப்பம் என்று ஒதுக்கிவிடலாம். ஆயின், குறிப்பிட்ட துறை குறிப்பிட்ட சொல்லைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றைத் தேடுவதே இங்கு நோக்கம்.

இலக்கணத்திலும் திண்ணையிலும் வாய்பாடு

யாப்பிலக்கணம் பயின்றோர்க்கு வாய்பாடு என்றதும் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் நினைவுக்கு வரும். இவை சீர்களின் பெயர்கள் மட்டுமல்ல. சீர்களின் மாதிரிகளும் ஆகும். 'தேமா' என்னும் சொல்லே நேரும் நேருமாக அமைந்தது. 'புளிமா' நிரையும் நேருமாக அமைந்தது. பெயரே தான் குறிக்கும் வடிவைத் தன்னுள் கொண்டிருப்பதால், விதியை நினைவில் வைப்பவர் வேறொன்றை நினைக்க வேண்டியதில்லை.

சொல்லதிகாரத்தில் நிலை சற்று வேறுபடுகிறது. 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்று உரையாசிரியர்கள் கூறுமிடத்து உண்டு, நடந்து ஆகியவற்றோடு ஓடி, போய் ஆகியனவும் அதனுள் அடங்கும். ஓடி என்பதன் ஓசை செய்து என்பதன் ஓசையை ஒத்ததன்று. எனவே இங்கு 'செய்' என்பது குறிப்பிட்ட ஒரு வினை அன்று. எவ்வினையும் வந்து நிற்கக்கூடிய வெற்றிடம். இயற்கணிதத்தில் மாறி செய்யும் பணியைத் தமிழ் இலக்கணத்தில் 'செய்' என்னும் வினை நெடுங்காலமாகச் செய்துவந்துள்ளது. வாய்பாடு என்னும் சொல் பிற்காலத்தில் அறிவியலுக்குள் சென்றதை வலிந்த இடமாற்றமாகக் கருத வேண்டியதில்லை என்பதற்கு இதுவே போதிய சான்று.

சூத்திரத்தின் இயல்பு வேறு. சில எழுத்துகளில் பல பொருளைச் செறித்து, கண்ணாடியில் உரு விளங்குவதுபோல் விளங்கவைப்பது சூத்திரம் என்பது நன்னூலார் கருத்து. சூத்திரம் உரையை வேண்டி நிற்கும்; வாய்பாடு பயிற்சியை வேண்டி நிற்கும். முன்னதை ஆசிரியர் விளக்க வேண்டும். பின்னதை மாணவர் சொல்லிச் சொல்லி வாயில் ஏற்ற வேண்டும். திண்ணைப் பள்ளிகளில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்னும் சுவடிகள் இரண்டாம் முறையில் பயிலப்பட்டவை. தென்னிந்திய முன்நவீன காலக் கணக்குப் பயிற்சியை விரிவாக ஆராய்ந்துள்ள து. செந்தில்பாபு, இம்மனனத்தை வெற்று ஒப்புவித்தலாகக் கருதாமல் கணக்குத் திறனுக்கு அடித்தளமான நினைவுப் பயிற்சியாகக் காண்பது கருதத்தக்கது.

காரிநாயனாரின் கணக்கதிகாரம் இவ்விரு மரபும் சந்திக்கும் இடம். வட்டத்தின் சுற்றளவில் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்கினால் பரப்பு வரும் என்னும் அதன் விதி இன்றைய வடிவியலோடு முற்றிலும் பொருந்துகிறது. அதே நூற்பரப்பில் வைத்துப் பேசப்படும் பலாப்பழக் கணக்கு அத்தகையதன்று. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை வரும் என்கிறது அது. முள் 100 எனின் சுளை 120. முதலாவதை நிறுவலாம். இரண்டாவதை அறுத்துப் பார்த்துத்தான் அறியலாம். இரண்டும் வெண்பாவாகவே அமைந்து, ஒரே உறுதியோடு பேசுகின்றன. விதியின் வடிவம் அதன் நம்பகத்தைக் காட்டாது என்னும் இச்செய்தி பின்னர் ஆலைக்குள் நுழையும்போது நமக்குத் தேவைப்படும்.

சேலமும் யாழ்ப்பாணமும்

ஐரோப்பிய வழக்கில் 'பார்முலா' இலத்தீன் மூலத்தைக் கொண்டது. 'சிறு வடிவம்' என்பது அதன் நேர்ப்பொருள். உரோமச் சட்டத்தில் நீதிபதிக்கு விடுக்கப்பட்ட எழுத்து வடிவ ஆணையை அச்சொல் குறித்தது. இன்னது மெய்ப்பட்டால் தண்டம் விதிக்க, மெய்ப்படாவிடில் விடுவிக்க என்னும் சட்டகத்தில் வழக்காளியின் பெயரும் தொகையும் மட்டும் மாறும். ஆகவே நிரப்பப்பட வேண்டிய படிவம் என்னும் பொருள் அச்சொல்லின் பிறப்பிலேயே உள்ளது. 1813, 1814 ஆண்டுகளில் சுவீடனின் பெர்சீலியசு தனிமங்களுக்கு எழுத்துக் குறிகளை முன்மொழிந்தார். அணு எண்ணிக்கையைக் குறியின் கீழே சிற்றெண்ணாக இடும் வழக்கம் 1834இல் செர்மானிய வேதியியலாளர் யுசுடசு வான் லீபிக்கிடம் காணப்படுகிறது. இவரை மீண்டும் சந்திப்போம்.

இக்கருத்துகளைத் தமிழில் சொல்லும் முயற்சியில் பாலக்கோட்டிற்கும் ஒரு தொலைதூரத் தொடர்பு உண்டு. அன்று அவ்வூர் சேலம் மாவட்டத்திற்கு உட்பட்டது. தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2இல்தான். அச்சேலத்தில் வழக்குரைஞராக இருந்த இராசாசி 1916இல் தமிழ் அறிவியற் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அவர் பின்னர் எழுதிய வேதியியல் நூலுக்குத் 'திண்ணை ரசாயனம்' எனப் பெயரிட்டதும், வாய்பாடு வளர்ந்த அதே திண்ணையை நினைவூட்டுகிறது. கலைச்சொல்லாக்கத்தில் வடசொல்லை ஏற்பதா விலக்குவதா என்னும் வாதம் 1940இல் சீனிவாச சாத்திரி குழுவின்போது உச்சத்தை எட்டியது. அவ்வாதத்தின் வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளதால் இங்கு விரிக்கவில்லை.

விளைவு மட்டும் நம் பொருளுக்கு இன்றியமையாதது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கணிதத்திற்குச் 'சூத்திரம்', வேதியியலுக்கு 'மூலக்கூறு வாய்பாடு' என்னும் பகிர்வு பெரும்பாலும் நிலைத்தது. ('வாய்ப்பாடு' என ஒற்று மிகுத்தும் அச்சிடுவர், ஒரே சொல் இரு எழுத்துமுறையில் உலவுவது கலைச்சொல்லுக்கு அழகன்று.) இலங்கைப் பாடநூல்களோ இரு துறைக்கும் 'சூத்திரம்' என்றே கொண்டன: மூலக்கூற்றுச் சூத்திரம், அனுபவச் சூத்திரம். இறுதியாகச் சுட்டியது தமிழ்நாட்டில் 'விகித வாய்பாடு' எனப்படுகிறது. இலங்கை வழக்கு ஆங்கிலச் சொல்லைப் பெயர்த்தது. தமிழ்நாட்டு வழக்கு கருத்தைப் பெயர்த்தது. மாணவர்க்குப் பின்னதே தெளிவு தருவது. எனினும் 'அனுபவச் சூத்திரம்' என்னும் அழகிய தொடரைப் பலாப்பழக் கணக்கு போன்றவற்றிற்கு ஒதுக்கியிருந்தால் மிகவும் பொருந்தியிருக்கும் என்றே தோன்றுகிறது.

ஆலைக்குள் இரண்டு கணக்கு

கரும்பு அரவைக்கு வந்தவுடன் சாற்றில் இரண்டு அளவுகள் எடுக்கப்படுகின்றன: கரைந்துள்ள திண்மங்களின் மொத்தச் சதவீதம் ('பிரிக்சு'), அதனுள் சர்க்கரையின் சதவீதம். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் எஞ்சுவது மாசு. ஒவ்வொரு பங்கு மாசும் ஏறத்தாழ 0.4 பங்கு சர்க்கரையைப் படிகமாகவிடாமல் கழிவுப்பாகிற்கு இழுத்துச் செல்லும் என்பது விண்டர், கார்ப்பு ஆகியோர் பெயரால் வழங்கும் கணக்கின் அடிப்படை. பிரிக்சு 20, சர்க்கரை 17.5 எனக் கொள்வோம். மாசு 2.5, இழப்பு 1.0, எஞ்சுவது 16.5. அதனை 0.73 என்னும் காரணியால் பெருக்கினால், கரும்பின் எடையில் 12.05 சதவீதம் சர்க்கரை கிடைக்கும் என்னும் மதிப்பீடு வருகிறது.

கரும்பாய்வுக் கட்டுரைகளில் இதுவே வேறு வடிவிலும் காணப்படும்: சர்க்கரையை 1.022ஆல் பெருக்கி, பிரிக்சை 0.292ஆல் பெருக்கிக் கழிக்க. 0.73ஐ 1.4ஆலும் 0.4ஆலும் பெருக்கிப் பார்ப்பவர் இரண்டும் ஒன்றே என்பதை உடனே காண்பர். ஆயின் சுருங்கிய வடிவில் மாசு என்னும் கருத்தே மறைந்துபோகிறது. முதல் வடிவம் உரையோடு கூடிய சூத்திரம்; இரண்டாவது மனனத்திற்குரிய வாய்பாடு. 0.4 என்னும் எண்ணும் பலாப்பழக் கணக்கின் ஆறையும் ஐந்தையும் போல அனுபவத்தில் பிறந்ததே. வேறுபாடு, ஆலையில் அரவைக்குப் பின் மூட்டைகளை எண்ணி மதிப்பீட்டைச் சரிபார்க்க முடிகிறது என்பதுதான்.

அவ்வாறு உண்மையில் கிடைத்த சர்க்கரையின் சதவீதத்தைப் பிழிதிறன் என்றும் சர்க்கரைக் கட்டுமானம் என்றும் வழங்குவர். உழவரின் விலை இதிலிருந்து தொடங்குகிறது. ஒன்றிய அரசு அறிவிக்கும் நியாயமான மற்றும் ஆதாய விலை, ஓர் அடிப்படைப் பிழிதிறனோடு பிணைக்கப்பட்டது. 2021–22 பருவத்தில் 10 சதவீதப் பிழிதிறனுக்குக் குவிண்டாலுக்கு 290 ரூபாய். 2022–23இல் 305 ரூபாய்; ஆனால் அடிப்படை 10.25 சதவீதம். செய்தித் தலைப்பில் உயர்வு 15 ரூபாய். பிழிதிறன் 9.5 சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ள ஆலைகளுக்குரிய கீழ்வரம்பு விலையை ஒப்பிட்டால், முன்னது 275.50 ரூபாய், பின்னது 282.125 ரூபாய், உயர்வு 6.625 ரூபாய் மட்டுமே. விலை என்னும் எண் உயர்ந்தது. வகுக்கும் எண்ணும் உடன் உயர்ந்தது. 2018–19க்கு முன் அந்த அடிப்படை 9.5 சதவீதமாக இருந்தது என்பதையும் இத்துடன் சேர்த்தே நோக்க வேண்டும். தமிழ்நாட்டு ஆலைகள் பலவற்றின் பிழிதிறன் கீழ்வரம்பை ஒட்டியே அமைவதால், இங்குள்ள உழவர்க்குப் பொருள்படுவது பெரும்பாலும் இரண்டாவது கணக்கே.

பிழிதிறன் ஆலை முழுமைக்குமான சராசரி என்பதும் கவனிக்கத்தக்கது. நல்ல சாறுள்ள கரும்பை ஏற்றியவரும், வெட்டு உத்தரவு தாமதமாகி வயலில் காய்ந்த கரும்பை ஏற்றியவரும் ஒரே சதவீதத்தைப் பெறுவர். 2012இல் அறிக்கை அளித்த ரங்கராஜன் குழு, சர்க்கரையிலும் துணைப்பொருள்களிலும் கிடைக்கும் மதிப்பில் 70 சதவீதத்தைக் கரும்புக்கு வழங்கும் வருவாய்ப் பங்கீட்டை முன்மொழிந்தது; தமிழ்நாடு அவ்வழியில் 2018இல் தனிச்சட்டம் இயற்றியது. இங்கு விதி மாறியது. பெருக்கப்படும் எண்கள் ஆலையின் ஏடுகளிலிருந்தே வருகின்றன என்னும் நிலை மாறவில்லை. சூத்திரத்தை அறிவதும் அதில் இடும் எண்களை அறிவதும் வேறுவேறு. திண்ணைக் கணக்கில் இரண்டும் ஒருவர் கையில் இருந்தன; குழியை அளந்தவரும் குழிமாற்றைச் சொன்னவரும் ஒருவரே.

ஒரே வாய்பாடு, இரு சர்க்கரை

கரும்புச் சர்க்கரையான சுக்ரோசில் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிசன் அணுக்கள் உள்ளன. பாற்சர்க்கரையான லாக்டோசின் மூலக்கூறு வாய்பாடும் எழுத்துப் பிசகாமல் இதுவே. அணுக்கள் பிணைந்துள்ள முறை வேறாதலால் சுவையும் செரிமானமும் வேறுபடுகின்றன. அதனை அமைப்பு வாய்பாடுதான் காட்டும். தாய்ப்பாலில் ஏறத்தாழ 7 சதவீதம் லாக்டோசு உள்ளது. பாலக்கோட்டு ஆலையின் மூட்டையில் இருப்பதும் தாய்ப்பாலில் இருப்பதும் ஒரே வாய்பாட்டை உடையன என்பதால் ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகிவிடாது. உணவியலில் 'பார்முலா' என்னும் சொல்லின் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

குறிகளுக்குக் கீழ் எண்ணிட்ட அதே லீபிக், 1865இல் பசும்பால், கோதுமை மாவு, மால்ட் மாவு, பொட்டாசியம் பைகார்பனேட்டு ஆகியவற்றால் தாய்ப்பாலுக்கு நிகரான குழந்தை உணவு ஒன்றை முன்வைத்தார். கூறுகளின் அளவை ஒப்பித்துவிட்டால் பொருளையே ஒப்பித்துவிடலாம் என்னும் வேதியியல் நம்பிக்கை அதன் பின்னே உள்ளது. 1890களில் பாஸ்டனின் மருத்துவர் தாமசு மார்கன் ரோச்சு, ஒவ்வொரு குழந்தைக்கும் கொழுப்பு, சர்க்கரை, புரதம் இவ்வளவு சதவீதம் என்று மருந்துச்சீட்டுப்போல் எழுதிக்கொடுக்கும் முறையைப் பரப்பினார். சீட்டிலிருந்த விதிக்குப் பெயர் 'பார்முலா'. தொழிற்சாலைப் பொடி அச்சீட்டின் இடத்தைப் பிடித்தபோது, விதியின் பெயர் பொடிக்கு ஆகிவந்தது. தமிழ் இலக்கணம் ஆகுபெயர் என வகுத்த நிகழ்வுதான்.

இப்பொருளில் தமிழ் மக்கள் வாய்பாடு என்றோ சூத்திரம் என்றோ ஒருபோதும் கூறியதில்லை. டப்பாப்பால், புட்டிப்பால், பவுடர் பால் என்று கலத்தாலும் வடிவாலும் பெயரிட்டனர். 1992ஆம் ஆண்டு இந்தியச் சட்டமும் 'பார்முலா' என்னாமல் தாய்ப்பால் மாற்று என்னும் பொருள்படும் தொடரையே தலைப்பில் வைத்தது. தாய்ப்பாலை ஒத்தது என்னும் எண்ணம் எழுப்பும் அடைமொழிகளையும் குழந்தைப் படத்தையும் டப்பாவின் மேல் தடைசெய்தது. மக்கள் பெயர் கலத்தைச் சொல்கிறது. சட்டப் பெயர் உறவைச் சொல்கிறது. கடைப்பெயரான 'பார்முலா' மட்டும் பொடிக்குக் கணிதத்தின் துல்லியத்தைக் கடன் தருகிறது.

வீட்டில் உண்மையிலேயே விதியாகச் செயற்படுவது டப்பாவின் பக்கவாட்டில் அச்சிட்ட விகிதம்: இத்தனை மில்லிலிட்டர் வெந்நீருக்கு இத்தனை மட்டக்கரண்டி. டப்பா பல நாள் வர வேண்டுமென்று ஒரு கரண்டி குறைத்தால் குழந்தைக்குச் சத்துக் குறையும். கூட்டினால் சிறுநீரகத்திற்குச் சுமையாகும். குழிமாற்றைப் போல் வாயில் ஏற்றிப் பயில வேண்டிய கணக்கு இதுவே; இதற்குத் தமிழில் வாய்பாடு என்னும் பெயர் இன்னும் வழங்கப்படவில்லை.