நாய்க்குட்டியின் வாய் நாறினால் என்ன பார்க்க வேண்டும்?

வயல் கொட்டகைக்கும் ஆட்டுப்பட்டிக்கும் காவலாக நாய்க்குட்டி வளர்க்கிறீர்கள். அது முகத்தருகே வந்தாலே வாய் நாறுகிறதா? பெரும்பாலும் இது பயப்பட வேண்டிய விஷயமல்ல. ஆனால் எந்த மாதிரி நாற்றம், கூடவே வேறு என்ன அறிகுறி இருக்கிறது என்று பார்க்காமல் விட்டால் சில சமயம் குட்டிக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் ஆபத்தாகிவிடும்.

முதலில் குட்டியின் வயதைப் பாருங்கள். பிறந்து 3 வாரத்தில் பால் பற்கள் முளைக்கத் தொடங்கும். மொத்தம் 28 பற்கள். 4-வது மாதவாக்கில் இவை விழ ஆரம்பித்து, 7 மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடும். பல் மாறும்போது ஈறு சிவந்து, லேசாக ரத்தம் கசிந்து, வாயில் ஒரு வாடை வரும். கயிறு, செருப்பு, மண்வெட்டிப் பிடி என்று கண்டதையும் கடிப்பதும் இதனால்தான். இதற்கு மருந்து தேவையில்லை. புதிய கோரைப்பல் வந்த பிறகும் பழைய பால்பல் ஒட்டி நின்றால், நடுவில் தீனி சிக்கி அழுகும். அதைக் கால்நடை மருத்துவர்தான் பிடுங்க வேண்டும். நீங்களே குறடு போட்டு இழுத்தால் வேர் உள்ளே முறிந்துவிடும்.

அடுத்தது தீனி. கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை, கிள்ளை, முடசல் ஓடை பக்கம் மீன் கழிவு. சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பக்கம் சாணமும் கோழிக்குடலும். தின்ற அன்று நாறி, மறுநாள் போய்விட்டால் கவலை இல்லை. ஆனால் மீன் முள்ளோ சமைத்த கோழி எலும்போ மேல் அண்ணத்தில் குறுக்கே மாட்டிக்கொண்டால், அந்த இடம் புண்ணாகி அழுகல் நாற்றம் வரும். குட்டி முன்காலால் முகத்தைத் தேய்க்கும், எச்சில் ஒழுகும்.

கையை உள்ளே விடாதீர்கள்

வாய் திறந்தபடி தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, தண்ணீர்கூட விழுங்க முடியாமல் நிற்கும் குட்டியைப் பார்த்ததும், "முள்ளு மாட்டிக்கிச்சு" என்று வாய்க்குள் கைவிட்டுத் தேடத் தோன்றும். வெறிநோயும் இதே மாதிரிதான் தெரியும். வெறி பிடித்தால் ஆளைத் துரத்திக் கடிக்கும் என்றே நாம் நினைக்கிறோம். மூலையில் சத்தமில்லாமல் படுத்து, தாடை தளர்ந்து கிடக்கும் வகையும் உண்டு. கடிக்கக்கூட வேண்டாம், உங்கள் கையில் இருக்கும் கீறலில் எச்சில் பட்டாலே கிருமி உள்ளே போகலாம். நோய் அறிகுறி வந்துவிட்டால் ஆளைப் பிழைக்க வைக்க மருந்து கிடையாது. சின்னக் குட்டிதானே என்ற எண்ணமும் தவறு.

அப்படிப்பட்ட குட்டியைத் தனியே அடைத்து, பிள்ளைகளை அண்டவிடாமல், கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். ஏற்கெனவே கைவிட்டிருந்தால், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அங்கே இதற்குக் கட்டணம் இல்லை. சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி வைத்து நாளைக் கடத்த வேண்டாம்.

வாயில் மூத்திர வாடை அடித்தால்

இது சிறுநீரகம் பழுதானதன் அடையாளமாக இருக்கலாம். வீராணம் பாசன வயல்களில் எலி அதிகம். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரை நக்கும் குட்டிக்கு எலிக்காய்ச்சல் வரும். காய்ச்சல், வாந்தி, தீனி எடுக்காமை, கண்ணும் ஈறும் மஞ்சளாவது ஆகியவை மற்ற அறிகுறிகள். இந்தக் குட்டியின் சிறுநீர் உங்கள் கால் வெடிப்பில் பட்டால் உங்களுக்கும் காய்ச்சல் வரும். வெறுங்காலோடும் வெறுங்கையோடும் அதைச் சுத்தம் செய்யாதீர்கள். வாந்தியோடு ரத்தக் கழிச்சலும் சேர்ந்து கடுமையாக நாறினால் பார்வோ நோயாக இருக்கலாம். அதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

வயிறு உப்பி, முடி மங்கி, அடிக்கடி வாந்தி எடுக்கும் குட்டிக்குக் குடற்புழு இருக்கும். பிறந்து 2 வாரத்தில் முதல் புழு நீக்க மருந்து, பிறகு 3 மாதம் வரை 2 வாரத்துக்கு ஒரு முறை, 6 மாதம் வரை மாதம் ஒரு முறை. அளவு எடையைப் பொறுத்தது. ஆட்டுக்கு வாங்கிய மருந்தில் மிச்சத்தைக் குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது.

வாயைச் சுத்தம் செய்ய, விரலில் மெல்லிய துணியைச் சுற்றி வெந்நீரை ஆறவைத்து நனைத்து, வாரம் 2, 3 முறை பல்லின் வெளிப்பக்கம் தேய்த்தால் போதும். இது நலமாக, தீனி எடுத்து விளையாடும் குட்டிக்கு மட்டும். நாம் தேய்க்கும் பேஸ்ட், பல்பொடி, உப்பு, கரி எதுவும் வேண்டாம். சில பேஸ்டுகளில் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு விஷம்.

6 முதல் 8 வாரத்தில் பார்வோ, எலிக்காய்ச்சல் சேர்ந்த கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கி, மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்த தவணைகளையும் போடுங்கள். 3 மாதத்தில் வெறிநோய் ஊசி, பிறகு ஆண்டுதோறும். அவசரத்துக்கு 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணை அழைக்கலாம். அழைக்கும்போது குட்டியின் வயது, போட்ட ஊசிகள், கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தது, யாரையாவது கடித்ததா, யார் யார் அதன் வாயைத் தொட்டார்கள் என்பதைச் சொல்லுங்கள்.