அபினும் மூளையும்: ஒரு தேடலின் வரலாறு

கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் பலருக்கும் திராட்சை நினைவுக்கு வரும். போலீஸ் செய்திகளைப் படிப்பவர்களுக்குக் கஞ்சாவும் சேர்ந்தே நினைவுக்கு வரும். கஞ்சா வேறு, அபின் வேறு. ஆனால் எந்தப் போதைக்கு அடிமையானாலும் தேனிப் பக்கத்து ஊர்களில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மனசு வச்சா விட்டுற மாட்டானா?" இந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் விடை தேடிய கதையை அபின் வகைப் போதையின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு, அதன் தண்ணீர் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்த ஆண்டு 1895. பிரிட்டிஷ் அரசு நியமித்த அபின் கமிஷன் அறிக்கை கொடுத்ததும் அதே ஆண்டில்தான். 700க்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த அந்தக் கமிஷன், இந்தியாவில் அபினைத் தடை செய்யத் தேவையில்லை என்று முடித்துவிட்டது. அபின் அன்றைய அரசுக்கு நல்ல வருமானம் என்பதையும் மறந்துவிடக் கூடாது! கமிஷனால் சாட்சிகளைத்தான் கேட்க முடிந்தது. மூளையைக் கேட்கும் வழி அன்று யாருக்கும் தெரியாது.

மருந்துக் கம்பெனிகளுக்கும் தெரியவில்லை. அபினிலிருந்து மார்ஃபினை 1800களின் தொடக்கத்திலேயே ஜெர்மானியரான செர்டர்னர் பிரித்தெடுத்திருந்தார். அந்த மார்ஃபினிலிருந்து செய்யப்பட்ட ஹெராயினை 1898இல் பேயர் கம்பெனி இருமல் மருந்தாக விற்றது!

முதல் வெளிச்சம் 1954இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலிகளின் மூளைக்குள் மெல்லிய கம்பியைப் பொருத்தினார்கள். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் மூளைக்குச் சிறு மின்சாரம் போகும். எலிகள் அதைத் திரும்பத் திரும்ப அழுத்தின. இன்பத்துக்கென்று மூளையில் ஒரு பாதை இருப்பது அப்போதுதான் புரிந்தது.

1973இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் அபின் வகைப் பொருள்கள் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் இருப்பதைக் காட்டினார்கள். கசகசாச் செடியின் பாலுக்கு மூளையில் ஏன் பூட்டு இருக்க வேண்டும்? 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் விடை கண்டார்கள். மூளை தானே அபின் போன்ற பொருளைச் சுரக்கிறது. அந்தப் பூட்டு அதற்காக இருப்பது. அபின் கள்ளச்சாவிதான்!

அந்தச் சாவி என்ன செய்கிறது என்பது 1992இல் ஜான்சன், நார்த் ஆகியோரின் ஆய்வில் தெளிவானது. நடுமூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் உள்ளன. அவற்றைக் கட்டுப்படுத்த அருகிலேயே பிரேக் போன்ற செல்களும் உண்டு. அபின் வகைப் பொருள் அந்த பிரேக்கைத்தான் செயலிழக்கச் செய்கிறது. குமுளி மலைப்பாதையில் பிரேக் இல்லாமல் இறங்கும் லாரியை நினைத்துப் பாருங்கள்.

டோபமைன் ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி என்று 1997இல் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸும் அவரது குழுவினரும் எழுதிய கட்டுரையிலிருந்து புரிந்துகொள்ளலாம். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அது குறித்து வைக்கிறது. போதைப்பொருளோ ஒவ்வொரு முறையும் பொய்யாக லாபம் எழுதுகிறது. கணக்கு கெட்ட பிறகு சோறு, வேலை, பிள்ளைகளின் சிரிப்பு எல்லாம் நஷ்டமாகத் தெரிகின்றன. மருந்து நின்றால் வலி, வாந்தி, தூக்கமின்மை. இன்பத்துக்காகத் தொட்டவன் கடைசியில் வலிக்குப் பயந்து தொடுகிறான்.

இந்தியாவிலும் இந்தப் பாதையை ஆராய்ந்தார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸில் சங்கரநாராயண ராவ், தேசிராஜு, ராஜு ஆகியோர் 1993இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தமக்குத் தாமே மின்தூண்டல் கொடுத்துக்கொண்ட எலிகளின் மூளை செல்களில் கிளைகள் அதிகமாகியிருந்தன. அதாவது, திரும்பத் திரும்ப வரும் இன்ப அனுபவம் மூளையின் அமைப்பையே மாற்றுகிறது.

சட்டமும் இதை ஓரளவு ஒப்புக்கொள்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு உண்டு. சிறிய அளவு போதைப்பொருளோடு பிடிபட்ட அடிமை, தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்கு கிடைக்கும். அதே பூட்டில் மென்மையாக உட்கார்ந்து தவிப்பைத் தணிக்கும் புப்ரினார்ஃபின் என்ற மருந்தும் இருக்கிறது. சென்னையில் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை 1980 முதல் போதைக்கு அடிமையானவர்களுக்குச் சிகிச்சை தருகிறது.

இன்று தமிழ்நாட்டில் வலி நிவாரண மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிச் செய்திகள் வருகின்றன. வீட்டில் அப்படி ஒருவன் இருந்தால் வெளியே சொல்லக் கூசுகிறார்கள். மறைக்கும் ஒவ்வொரு நாளும் நோய் முற்றுகிறது. "மனசு வச்சா விட்டுற மாட்டானா?" என்று கேட்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: அவன் மனசு வைக்க வேண்டிய மூளைதான் நோயில் விழுந்திருக்கிறது. காய்ச்சல்காரனை யாரும் திட்டுவதில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்கள். இவனையும் அப்படிக் கூட்டிப்போனால் என்ன?