நம்ம ஏரியா சுகாதாரக் குழுவில் நாமும் சேரலாமா? திருச்சி, ஸ்ரீரங்கம் மக்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

தெருவில் சாக்கடை தேங்கி நிற்கிறது. அடுத்தடுத்து மூன்று வீட்டில் காய்ச்சல். கவுன்சிலருக்கு போன் போடுவோம், இல்லையென்றால் மாநகராட்சியில் புகார் கொடுப்போம். நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆனால் சுகாதாரத்துக்கு வரும் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்று பேசும் இடத்திலேயே பொதுமக்களுக்கும் நாற்காலி இருக்கிறது. சம்பளம் கிடையாது. டிகிரியும் கேட்கமாட்டார்கள்.

கிராமத்தில் இருந்தால்?

அந்தநல்லூர், மணிகண்டம், மண்ணச்சநல்லூர் ஒன்றியங்களில் இருப்பவர்களுக்கு கிராம சுகாதார, துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு. 2005-ல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ் வந்தது இது. ஊராட்சித் தலைவர் தலைமை தாங்குவார். கிராம சுகாதார செவிலியரும் அவரும் சேர்ந்துதான் வங்கிக் கணக்கை இயக்குவார்கள். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை கூட வேண்டும் என்பது ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்.

ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை வரும். சின்னத் தொகைதான். ஆனால் இதை இந்த வேலைக்கு மட்டும்தான் செலவழிக்கணும் என்று கட்டிப்போடாத பணம். தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யலாம், கொசு உற்பத்தியாகும் இடத்தைச் சரிசெய்யலாம், அவசரத்துக்கு ஒரு ஏழை நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்.

திருச்சி மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. ஓட்டு வாங்கி வந்த தலைவர் இல்லாத நேரத்தில் ஊர்க்காரர்கள் யாரும் கேட்காவிட்டால், குழு பேப்பரில் மட்டும்தான் இருக்கும்.

மாநகராட்சிக்குள் இருந்தால்?

ஸ்ரீரங்கம் ஒருகாலத்தில் தனி நகராட்சி. 1994-ல் திருச்சி மாநகராட்சி உருவானபோது பொன்மலையோடு சேர்த்து அதுவும் இணைக்கப்பட்டது. இங்கே இருப்பவர்களுக்கு பகுதி சபை. ஒவ்வொரு வார்டும் சில பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லோருமே அதில் உறுப்பினர்கள். 2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டு நகரங்களில் இது நடக்கிறது. குப்பை, குடிநீர், கழிப்பறை, கொசு எல்லாவற்றையும் பேசலாம். பகுதியின் பிரதிநிதியாக வார்டு குழுவுக்கும் போகலாம்.

அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் என்று தனியாக ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் 1990-களில் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய முறை இது. இதில் வெளி ஆட்களை நியமனம் மூலமாகத்தான் சேர்ப்பார்கள்.

இதெல்லாம் நடக்கிற காரியமா?

திருச்சியிலேயே நடந்திருக்கிறது. குடிசைப் பகுதிகளில் மாநகராட்சி கட்டிய பொதுக் கழிப்பறைகள் பராமரிப்பு இல்லாமல் நாறிக் கிடந்தன. கிராமாலயா போன்ற தொண்டு நிறுவனங்களின் துணையோடு அவற்றை அந்தத் தெருப் பெண்களே கையில் எடுத்தார்கள். 'ஷீ டீம்' என்று பெயர். வாசலில் டோக்கன், ஒருவருக்கு 50 காசு. வசூலில் காவலாளுக்கும் துப்புரவுக்கும் கொடுத்துவிட்டு, மிச்சத்தை பேங்கில் போட்டார்கள். வரவு செலவு நோட்டு அவர்கள் கையில். பிறகு அந்தச் சேமிப்பிலிருந்தே பகுதிக்கு வேண்டியதைச் செய்துகொண்டார்கள். திறந்தவெளியில் யாரும் போகாத குடிசைப் பகுதி என்று 2002-ல் கல்மந்தை அறிவிக்கப்பட்டது.

அந்தப் பெண்கள் பலரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். வீட்டு வேலை முடித்து, இலவசமாக நேரம் கொடுத்தவர்கள். மாநகராட்சி செய்ய வேண்டிய வேலையை ஏழைப் பெண்கள் தலையில் கட்டுவது நியாயமா என்ற கேள்வி அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. குழுவில் உட்காருவதற்கும் குழுவின் வேலையை எல்லாம் தானே சுமப்பதற்கும் வித்தியாசம் உண்டு. சேருகிறவர்கள் அதை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

எங்கே தொடங்குவது?

கிராமத்தில் என்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 முறை. "சுகாதாரக் குழுவில் யார் யார் இருக்காங்க? போன வருஷப் பணம் எதுக்குப் போச்சு?" என்று அங்கே கேளுங்கள். துணை சுகாதார நிலைய செவிலியரிடமும் விசாரிக்கலாம். நகரத்தில் அடுத்த பகுதி சபை எப்போது என்பதை வார்டு கவுன்சிலர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கூட்டப் பதிவேட்டைக் காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய்.