மீனுக்கு எய்த அம்பு

சென்ற கோடை விடுமுறையில் என் பேரன் என்னைத் தியாகராயநகரில் விளையாட்டுப் பொருள்கள் விற்கும் கடையொன்றுக்கு அழைத்துச் சென்றான். சுவரில் விற்கள் வரிசையாகத் தொங்கின. "தாத்தா, அம்பெய்து மீன் பிடிக்கிறார்களாம். அதற்கு எந்த வில் விலை குறைவு என்று கேளுங்கள்" என்றான். விலையைக் கேட்டேன். கேட்டதும் இருவரும் வெளியே வந்து கரும்புச் சாறு குடித்தோம். மாணவ நண்பர்களே, அன்று அவனுக்கு வழிநெடுகச் சொன்ன விடையையே இன்று உங்களுக்கும் சொல்லப்போகிறேன். அதைச் சொல்லச் சரித்திரத்தின் துணை வேண்டும்.

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரில் நான் பள்ளிச் சிறுவனாக இருந்த நாளில், பழைய குடையைப் பிரித்து அதன் கம்பியை அம்பாக்கி, மூங்கிலை வளைத்து வில் செய்வது எங்களுக்குப் பெரிய கலை. அந்த வில்லோடு ஒருநாள் அடையாற்று முகத்துவாரத்துக்குப் போனேன். கரையோரம் மடவை மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. எய்தேன். மீன் போயிற்று, அம்பும் சேற்றில் போயிற்று. வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் சிரித்தார். "தம்பி, அம்புல கயிறு கட்டலியா? அடிச்சாலும் எதைப் புடிச்சு இழுப்பே?" என்றார். அந்த ஒரு கேள்விக்குள் ஈராயிரம் ஆண்டு அறிவு இருந்தது என்பதைப் பின்னர்ச் சங்க நூல்களைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

குறுந்தொகையிலும் அகநானூற்றிலும் வரும் பரதவர் பெருமீன்களை எறியுளி கொண்டு வேட்டையாடுகின்றனர். காய்ந்த மூங்கிலே அதன் காம்பு. இரும்பே அதன் முனை. அதன் கடைப்பகுதியில் கயிறு கட்டப்பட்டிருக்கும். இம்மூன்றில் எது தலையாயது? கூரிய முனை என்று மாணவர் பலர் விடை சொல்வர். வகுப்பில் அவ்வாறு சொன்னவர்களுக்கு நான் பாதி மதிப்பெண்ணே கொடுத்தேன். குத்துண்ட மீன் கடலுக்குள் பாய்ந்துவிட்டால், முனை எவ்வளவு கூரியதாயினும் பயன் என்ன? கரையையும் மீனையும் இணைப்பது கயிறேயன்றோ?

வில் கொண்டே மீன் பிடிப்பவரைக் காண நாம் அந்தமானுக்குச் செல்லவேண்டும். அங்குள்ள பழங்குடியினர், கடல் வற்றிய வேளையில் பவளப்பாறை சூழ்ந்த ஆழமற்ற நீரில் அசையாது நின்று அம்பெய்வர். அவ்விடத்தில் நீர் பளிங்கு போன்றது; ஆழமோ முழங்கால் அளவு. எய்தவன் இரண்டு அடி நடந்து மீனையும் அம்பையும் கையால் எடுத்துக்கொள்வான். பண்டு சிப்பியையும் எலும்பையும் முனையாக வைத்தனர். பின்னர், உடைந்து ஒதுங்கிய கப்பல்களின் இரும்பைத் தட்டித் தீட்டிக்கொண்டனர். கடையில் வாங்கியது ஒன்றுமில்லை என்பதைக் கவனியுங்கள்.

நமக்கு அண்மையில் கேரளத்தில் இன்னொரு வகை உண்டு. துப்பாக்கியைப் போன்ற கட்டையின்மேல் வில்லைக் குறுக்காகப் பொருத்திய கருவி அது. மலையாளத்தில் தெற்றாலி என்பர். வயல் ஓரத்து நீரிலும் குளத்திலும் வரால் மீனை அதனால் எய்வர். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் தென்னிந்தியாவின் ஊதுகுழல், வளரி, குறுக்குவில் ஆகியவை பற்றி 1924இல் லண்டன் மானிடவியல் கழக இதழில் நீண்ட கட்டுரை வெளியிட்டார். வளரியை நீங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கலாம்; பார்க்காதவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பாருங்கள். மீன்துறை அதிகாரி ஒருவர் ஏழைகளின் எளிய கருவிகளை அத்தனை கருத்தோடு ஆராய்ந்தது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

அப்படியானால் அடையாற்று மீனவர் ஏன் வில்லை எடுக்கவில்லை? அறியாமையாலா? அல்ல என்பது என் துணிபு. முகத்துவாரத்து நீர் கலங்கல் நீர். கண்ணுக்குத் தெரியாத மீனை எவன் எய்வான்? வீச்சுவலைக்கோ மீன் தெரியவேண்டியதில்லை. அதன் விளிம்பைச் சுற்றிக் கோத்த ஈயக்குண்டுகள் வட்டமாக விழுந்து, கண்டதையும் காணாததையும் சேர்த்து மூடிவிடும். ஆகவே, தொடக்கக்காரன் கருவியைத் தேடுமுன் நீரைப் பார்க்கவேண்டும். தெளிந்த, ஆழமற்ற நீர் இல்லாத ஊரில் எவ்வளவு விலையுயர்ந்த வில்லும் சுவருக்கு அலங்காரமே.

நீர் தெளிவாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று அமெரிக்காவில் இது பெரிய பொழுதுபோக்கு. அங்கே இதற்குக் கப்பி பூட்டிய விற்களையும் விற்கிறார்கள். தொடக்கக்காரனுக்கு அவை வேண்டா. மீன் எய்வது பத்துப் பதினைந்து அடித் தொலைவிலேயாகலின், 30 அல்லது 40 ராத்தல் இழுவிசையுள்ள எளிய வில் போதும், பழையதாயினும் குற்றமில்லை. வில்லில் மிச்சம் பிடித்த பணத்தை அம்பில் செலவிடுக. கண்ணாடியிழையால் ஆன கனத்த அம்பே நீரை ஊடுருவும். அதற்கு இறகு ஆகாது. நீருக்குள் இறகு அம்பை வழிமாற்றும். முனையில், உள்ளே சென்றபின் விரிந்து பிடிக்கும் முள் வேண்டும். நூலைச் சுற்றுவதற்கு விலையுயர்ந்த உருளைப்பெட்டி தேவையில்லை. வில்லின்மேல் இறுகக் கட்டிய தகரக் குவளையே போதும். ஆனால், அந்த நூல் நாணிலோ விரலிலோ சிக்கினால், எய்த அம்பு எய்தவன் முகத்துக்கே திரும்பும். அதனால் நூலை அம்பின் மேல் நகரும் சிறு வளையத்தில் கட்டி, நாணுக்கு முன்புறமாகவே வைப்பர். எதில் சிக்கனம் செய்தாலும் இந்த வளையத்தில் செய்யாதீர்கள்.

விலையில்லாத கருவி ஒன்றும் உண்டு, அது கண். கிண்ணத்தில் நாணயத்தை இட்டு, அது மறையும்வரை பின்வாங்கி நின்று, பின் நீர் ஊற்றினால் நாணயம் மேலெழுந்து தோன்றும். சைதாப்பேட்டை ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான் நடத்திக்காட்டிய முதற்பாடம் இதுவே. நான்கு அடி ஆழத்தில் இருக்கும் மீன் நேர் மேலிருந்து பார்ப்பவனுக்கு மூன்று அடியில் இருப்பதுபோல் தோன்றும்; சாய்ந்து பார்த்தால் இன்னும் மேலே தோன்றும். ஆகையால் காணும் மீனை எய்பவன் அதைத் தவறவிடுவான். மீனுக்குக் கீழே எய்பவனே அதைப் பெறுவான். அந்தமானியச் சிறுவன் இந்த விதியைப் பெயர் தெரியாமலே கற்றுக்கொள்கிறான். நாம் பெயரை மட்டும் கற்றுக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வரால் மீனை எய்வது எளிது. ஏன் எளிது? அது காற்றைக் குடிக்க அடிக்கடி மேலே வரும். குஞ்சுகள் கூட்டமாகத் திரியும் பருவத்திலோ, தாயோ தந்தையோ அக்கூட்டத்தை விட்டு அகலாது காத்து நிற்கும். குஞ்சுக் கூட்டம் நீர்மேல் சலசலக்கும் இடத்தில் காத்திருந்தால் குறி தவறாது. அந்த அம்பு ஒரு மீனைக் கொல்வதில்லை. காவலிழந்த குஞ்சுகளைப் பிற மீன்கள் தின்றுவிடும். கடையில் இதை யாரும் சொல்லமாட்டார்கள். நான் பேரனிடம் சொன்னபோது அவன் நெடுநேரம் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாடியில் பழைய தண்ணீர்த் தொட்டியொன்றில் ஒரு சாண் மணல் பரப்பி, அதன்மேல் நீர் நிரப்பினோம். பெரிய உருளைக்கிழங்கு ஒன்றை உள்ளே போட்டேன். அது அடியில் போய் அமர்ந்தது. மூங்கில் வில், நாணல் அம்பு, அதன் தலையில் ஆணி, வாலில் என் மனைவியின் தையற்பெட்டியிலிருந்து கேளாமல் எடுத்த நூல். என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டுதான் எய்யவேண்டும் என்பது நிபந்தனை. முதல் ஆறு அம்புகளும் கிழங்குக்கு மேலாகச் சென்று அப்பால் மணலில் தைத்தன. ஏழாவது முறை அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். வில்லைச் சற்றே தாழ்த்தினான். நூலைப் பிடித்து இழுத்தபோது கிழங்கும் கூடவே மேலே வந்தது.