சிலேதார்

அரபு மொழியில் ஆயுதத்தைக் குறிக்கும் ‘சிலாஹ்’ என்ற சொல்லும், உடையவர் என்னும் பொருள்தரும் ‘தார்’ என்ற பாரசீக விகுதியும் சேர்ந்து பிறந்தது சிலேதார். மராட்டியப் படையில் அரசின் குதிரையில் ஏறியவர் பார்கீர் எனப்பட, சொந்தக் குதிரையும் ஆயுதமும் கொண்டுவந்து சேர்ந்தவரே சிலேதார் ஆனார். 1803இல் ஜேம்ஸ் ஸ்கின்னர் திரட்டிய படை உள்ளிட்ட, ஆங்கிலேயரின் இலகு குதிரைப்படைகள் பல இம்முறையைக் கைக்கொண்டபோது, குதிரை, சேணம், வாள், தீவனம் யாவும் வீரனின் பொறுப்பாயின. அதற்கு ஈடாக அவனுக்குச் சம்பளம் கூடுதல். குதிரை இறந்தால் பிழைப்பே ஆட்டங்கண்டுவிடும் என்பதால், அதை அவன் கண்ணெனக் காத்ததில் வியப்பில்லை. 1857க்குப் பின் வங்காளக் குதிரைப்படையில் இதுவே பொதுமுறையாகியது. சென்னை மாகாணப் படைகளோ அரசே குதிரை வழங்கும் முறையில் நீடித்தன. முதல் உலகப் போரில், கடல்கடந்த களங்களில் இறந்த குதிரைகளுக்கு மாற்றுக் காண இம்முறையால் இயலாமற்போகவே, போருக்குப் பின் அது கைவிடப்பட்டது.