துயருற்ற தோழருக்கு ஒரு மடல்

மாணவச் செல்வங்களே! உடன் பணிபுரியும் ஒருவர்க்குப் பேரிழப்பு நேர்ந்தால், "என்ன சொல்வது?" என்று தயங்கி ஒதுங்கி நிற்போர் பலர். ஆசிரியப் பணியில் இருந்த நாளில் இத்தயக்கத்தை நான் அடிக்கடி கண்டதுண்டு. இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னர் ரோமாபுரியின் பெரியோர் இருவரிடையே நிகழ்ந்த கடிதப் போக்குவரத்து இதற்கு நல்லதொரு விடை தருகின்றது.

நாவன்மை மிக்க சிசரோ கி.மு. 63ஆம் ஆண்டில் கான்சல் என்னும் தலைமைப் பதவியை வகித்தவர். செர்வியஸ் சுல்பிசியஸ் தலைசிறந்த சட்ட அறிஞர், கி.மு. 51இல் அதே பதவியை ஏற்றவர். இளமையிலேயே உடன் பயின்ற இவ்விருவரும் பொது வாழ்வில் எப்பொழுதும் ஓரணியில் நின்றாரல்லர். தேர்தலில் தம்மை வென்ற முரீனா கைக்கூலி கொடுத்து வாக்குப் பெற்றார் என்று செர்வியஸ் கி.மு. 63இல் வழக்குத் தொடுத்தார். முரீனாவுக்காக வாதாடியவர்களுள் சிசரோவும் ஒருவர். வழக்கில் செர்வியஸ் தோற்றார்.

கி.மு. 45, பிப்ரவரித் திங்களில் சிசரோவின் அருமை மகள் துல்லியா, மகவை ஈன்ற சில வாரங்களில் மறைந்தாள். அப்பொழுது கிரேக்க நாட்டில் ஆளுநராயிருந்த செர்வியஸ், ஏதென்சிலிருந்து ஆறுதல் மடல் வரைந்தார். அருகிலிருந்து துயரைப் பகிர இயலாமற் போனதை முதலிற் கூறினார். பின்னர் ஒரு கடற்பயணத்தை நினைவுகூர்ந்தார். ஈஜினாத் தீவிலிருந்து மெகாராவை நோக்கிச் செல்கையில், முன்னாளில் செழித்திருந்த நகரங்கள் நாற்புறமும் பாழ்பட்டுக் கிடந்தனவாம். நகரங்களே மாளும் உலகில் மனித உயிர் எம்மாத்திரம் என்று தாம் எண்ணியதை எடுத்துரைத்தார். பிறர்க்கு அறிவுரை வழங்கும் சிசரோ, அதனைத் தமக்கும் வழங்கிக்கொள்ள வேண்டும் என்றார்.

இவ்வாதம் துயரைத் தீர்த்ததா? இல்லை. மைந்தரை இழந்த முன்னோர்க்கு அரசியற் பணி ஆறுதல் அளித்தது; சீசரின் தனியாட்சியில் அப்பணியையும் இழந்த தமக்கோ மகள் ஒருத்தியே புகலிடமாய் இருந்தாள் என்று சிசரோ விடை எழுதினார். ஆயினும் அம்மடல் தம்மை ஓரளவு தேற்றியது என்பதை அவர் மறைக்கவில்லை. கூறிய காரணங்களோடு, கூறியவர் தாமும் வருந்தினார் என்பதும் அவரைத் தேற்றிற்று.

கி.மு. 43, ஜனவரியில் அந்தோணியிடம் தூது செல்லுமாறு செனட் சபை செர்வியசைப் பணித்தது. நோயுற்றிருந்தும் புறப்பட்ட அவர் அப்பயணத்திலேயே உயிர் நீத்தார். தூதுப் பணியில் பகைவரால் கொல்லப்பட்டவர்க்கே சிலை உரியது என ஒரு சாரார் வாதிட்டனர். அத்தூதே அவர் உயிரைக் கொண்டது என்று சிசரோ சபையில் முழங்கினார். செர்வியசுக்கு வெண்கலச் சிலை அமைந்தது. அன்று ஆறுதல் பெற்றவர், மடல் எழுதியவரின் புகழுக்குக் காவலரானார்.

ஆகவே, மாணவர்களே, நாளை அலுவலகத்திலோ பள்ளியிலோ உங்கள் தோழரோ தலைவரோ துயருற்றால், சிறந்த சொல் கிடைக்கட்டும் என்று காத்திராதீர்கள். பழைய பிணக்கையும் எண்ணாதீர்கள். நேரிற் செல்லுங்கள், இயலாவிடின் நான்கு வரி எழுதுங்கள். உங்கள் சொல்லை அவர் ஏற்காமற் போகலாம். நீங்கள் வந்ததை மறக்கமாட்டார்.