நிதி (கம்பெனி வகை)

நிதி என்பது இந்தியக் கம்பெனிச் சட்டப்படி பதிவாகி, தன் உறுப்பினர்களிடம் மட்டும் வைப்புத்தொகை வாங்கி, அவர்களுக்கு மட்டுமே கடன் கொடுக்கும் நிறுவனம். சிக்கனமும் சேமிப்புப் பழக்கமும் வளர்ப்பதே இதன் நோக்கம் என்று 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 406ஆம் பிரிவு கூறுகிறது. பெயரில் ‘நிதி’ இருந்தால் மட்டும் போதாது. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த பிறகே ஒரு கம்பெனி சட்டப்படி நிதியாகும். ஆங்கில ஆவணங்களில் இந்த அமைப்பு பெர்மனென்ட் ஃபண்ட், பெனிஃபிட் ஃபண்ட், மியூச்சுவல் பெனிஃபிட் சொசைட்டி என்று பல பெயர்களில் வரும். தென்சென்னைப் பேச்சு வழக்கில் ‘ஃபண்டு ஆபீஸ்’. சீட்டுக் கம்பெனி வேறு; அதற்கு 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் தனியாக உண்டு. நிதி, சீட்டு நடத்தவே கூடாது.

தோற்றம்

நிதிகள் சென்னை மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றின. ஊரில் காலங்காலமாக நடந்துவந்த சீட்டிலிருந்து வளர்ந்தவை இவை. இங்கிலாந்தின் வீடுகட்டும் சங்கங்களிடமிருந்து விதிப்புத்தகத்தையும் கணக்கு முறையையும் எடுத்துக்கொண்டன. அரசு அலுவலக எழுத்தர்கள், வக்கீல்கள், பள்ளி ஆசிரியர்கள் போன்ற மாதச் சம்பளக்காரர்களே தொடக்ககால உறுப்பினர்கள். சம்பளம் வந்த கையோடு ஒரு பகுதியை ஃபண்டில் கட்டுவார்கள். கல்யாணமோ வீடு வாங்கும் தேவையோ வந்தால் அங்கேயே கடன் வாங்குவார்கள். வட்டிக்கடைக்காரரிடம் போய் நிற்காமல் ஒரு குடும்பம் நிமிர்ந்து நடக்க இந்த ஏற்பாடு உதவியது. தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்தின் வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872இல் தொடங்கப்பட்டது. நிதிகளைப் பற்றி விரிவாக எழுதியவர் சென்னை மாகாண அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன். வேளாண் வங்கிகள் பற்றிய அவருடைய அறிக்கையின் இரு தொகுதிகளும் 1895, 1897ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. இந்தியாவில் 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வருவதற்கு அந்த அறிக்கையும் ஒரு காரணம். அதே ஆண்டில் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி என்ற தனியார் வங்கி திவாலாகிச் சென்னைக் குடும்பங்கள் பல சேமிப்பை இழந்தன. மறு ஆண்டு மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று இந்தியன் வங்கியை உருவாக்கினார். கூட்டுறவுச் சங்கம், உள்ளூர் வங்கி ஆகிய இரண்டுக்கும் முன்பே இந்நகரத்தார் தங்கள் பணத்தைத் தாங்களே நிர்வகிக்கப் பழகியது நிதிகளில்தான்.

தவணை நிதியும் சாசுவத நிதியும்

தொடக்ககால நிதிகள் காலவரை உள்ள தவணை நிதிகள். ஒரே நாளில் சேர்ந்த உறுப்பினர்கள் மாதாமாதம் பங்குப் பணம் கட்டுவார்கள். காலம் முடிந்ததும் பணத்தைப் பிரித்துக்கொண்டு நிதியைக் கலைத்துவிடுவார்கள். ஒரு பங்குக்கு மாதம் 1 ரூபாய் வீதம் 84 மாதம் கட்டுவதாகக் கொள்வோம். வட்டி ரூபாய்க்கு மாதம் ஒரு பை. அன்று 192 பை ஒரு ரூபாய் என்பதால் இது ஆண்டுக்கு 6.25 விழுக்காடு. ஏழாண்டு முடிவில் போட்ட 84 ரூபாய் ஏறத்தாழ 102½ ரூபாயாகக் கைக்கு வரும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. முதல் ஆண்டுகளில் கடன் கேட்போர் அதிகம், பெட்டியில் பணம் குறைவு. கடைசி ஆண்டுகளிலோ பணம் குவிந்து கிடக்கும், வாங்க ஆள் இருக்காது. நடுவில் சேர வருபவர் விட்டுப்போன தவணை முழுவதையும் சேர்த்துக் கட்ட வேண்டும். இதற்குத் தீர்வாக வந்தவையே சாசுவத நிதிகள். எப்போது வேண்டுமானாலும் சேரலாம், அவரவர் பங்கு முதிர்ந்ததும் அவரவர் பணத்தை எடுத்துக்கொள்ளலாம், நிதி கலையாது. பழைய பெயர்ப்பலகைகளில் காணும் ‘பெர்மனென்ட்’ என்ற சொல் குறிப்பது இதைத்தான். பங்கு முதலை உறுப்பினர் திரும்ப எடுப்பது கம்பெனிச் சட்டத்தின் அடிப்படைக்கு ஒத்துவராதது. நாளடைவில் அந்த இடத்தைத் தொடர் வைப்பு பிடித்துக்கொண்டது.

சட்டமும் நடைமுறையும்

1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் 620ஏ பிரிவு நிதிகளுக்கெனச் சேர்க்கப்பட்டது. 2000இல் பி. சபாநாயகம் தலைமையிலான குழு நிதிகளை ஆராய்ந்து அறிக்கை தந்தது. இப்போது நடைமுறையில் இருப்பவை 2014ஆம் ஆண்டு நிதி விதிகள். குறைந்தது 200 உறுப்பினர் வேண்டும்; வைப்புத்தொகை, பங்கு முதலும் சேர்த்துவைத்த லாபமும் அடங்கிய சொந்த நிதியைப் போல் 20 மடங்கைத் தாண்டக் கூடாது; நிலுவை வைப்பில் 10 விழுக்காட்டை வில்லங்கமின்றி வங்கியில் போட்டு வைக்க வேண்டும். கடன் வட்டி, வைப்புக்குத் தரும் உச்ச வட்டியைவிட 7.5 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. பங்கு எத்தனை இருந்தாலும் மொத்த வாக்கில் 5 விழுக்காட்டுக்கு மேல் ஒருவருக்கு இல்லை. வைப்புக் கேட்டு ஊரறிய விளம்பரம் செய்யத் தடை.

அன்றாட வரவு பெரும்பாலும் நகைக்கடனில். மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் உரசி, கல் எடையைக் கழித்து, நிகர எடையைச் சீட்டில் எழுதுவார். மதிப்பில் 80 விழுக்காடு வரை கடன். ஓராண்டுக்குள் திருப்பியாக வேண்டும். மீட்காத நகை மூழ்கிப் போகும், அதாவது ஏலத்துக்கு வரும். பிணையில்லாத கடன் கிடையாது. நகை, வீடு, வைப்பு ரசீது, காப்பீட்டுப் பத்திரம் போன்ற ஏதாவது ஒன்றை வைத்தாக வேண்டும்.

உறுப்பினர் என்ற சொல்லில்தான் நிதியின் வலுவும் பலவீனமும் இருக்கின்றன. ஒரே தெருவில், ஒரே அலுவலகத்தில் இருந்தவர்கள் சேர்ந்து நடத்தியபோது கடன் வாங்குபவர் யார், இயக்குநர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். இன்று சேமிப்புக் கணக்குத் தொடங்க 10 ரூபாய்ப் பங்கு ஒன்று வாங்கினால் போதும், உறுப்பினர் ஆகிவிடலாம். ஆதம்பாக்கம் என்.ஜி.ஓ. காலனியிலோ நிலமங்கை நகரிலோ ஓய்வூதியப் பணத்தோடு வரும் ஒருவர், தாம் அந்தக் கம்பெனியின் பங்குதாரர், ஆண்டுப் பொதுக்குழுவில் கேள்வி கேட்கும் உரிமை உள்ளவர் என்பதை அறியாமலே கையெழுத்திடுகிறார். வங்கி வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்ள காப்பீடு நிதிக்கு இல்லை என்பதையும் அவருக்கு முதலிலேயே சொல்ல வேண்டும்.

இன்றைய நிலை

1990களின் இறுதியில் சென்னையில் நிதிகள் சில வைப்பைத் திருப்பித் தர முடியாமல் முடங்கின. நிதி அந்தஸ்து கேட்டு என்.டி.எச்.-4 படிவம் தந்த 348 கம்பெனிகளில் ஒன்றுகூடத் தகுதி பெறவில்லை என்று 2021 ஆகஸ்டில் மத்திய அமைச்சகம் அறிவித்தது. 2022 ஏப்ரலுக்குப் பின் பதிவாகும் கம்பெனி, அரசு அறிவிப்பு கிடைத்த பிறகே தொழில் தொடங்கலாம்; சொந்த நிதி 20 லட்சம் ரூபாய் காட்ட வேண்டும். முதிர்ந்த வைப்புகள் திரும்பவில்லை என்ற புகார்களின் பேரில் மேலே சொன்ன மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டின் நிர்வாக இயக்குநரை 2024 ஆகஸ்டில் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசார் கைது செய்தனர்.